அப்லேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்குக் கார்டியாமொபைல் 6எல்: எண்ணை விடக் கோடு முக்கியம்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் தாளக்கோளாறு) அப்லேஷன் (தொடை வழியே வடிகுழாய் செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தில் தழும்பு உண்டாக்கும் சிகிச்சை) செய்துகொண்டு வீடு திரும்பியவர்களும் அவர்கள் வீட்டாரும் முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "முன்பெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தால் நாடி 60, 62 காட்டும். இப்போது 80-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. செய்தது பலிக்கவில்லையா?" அநேகமாக அப்படி இல்லை. எதிர்பார்க்க வேண்டிய மாற்றம்தான் அது. ஆனால் அதே 80, சிலருக்கு வேறொரு தாளக்கோளாறு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல எண் போதாது. ஈசிஜி கோடு வேண்டும்.

அந்தக் கோட்டை வீட்டிலேயே அரை நிமிடத்தில் எடுத்துத் தருவது அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியாமொபைல் 6எல். 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. இதைப் பற்றிப் பொதுவான மதிப்பீடுகள் நிறையக் கிடைக்கும். இங்கே பார்ப்பது ஒரே ஒரு தேவைக்கு: அப்லேஷனுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஏட்ரியல் ஃப்ளட்டர் (மேலறையில் மின்சாரம் சீராக வட்டமடிக்கும் கோளாறு) இரண்டில் எதற்கு அப்லேஷன் செய்திருந்தாலும், கையில் ஈசிஜி எடுக்கும் வாட்ச் இல்லையென்றால் இதை வாங்கலாம். ஒரே லீட், அதாவது இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கும் ஒரே கோணம், உள்ள பழைய கார்டியாமொபைலை விட ஆறு லீட் தரும் 6எல் மேல். அதற்கான காரணம் ஃப்ளட்டர் பற்றிப் பேசும்போது வரும். பேஸ்மேக்கர், ஐசிடி (ஆபத்தான தாளத்தில் உள்ளிருந்தே மின் அதிர்ச்சி தரும் கருவி) பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மார்புவலிக்காக வாங்க நினைப்பவர்கள் வாங்கவே வேண்டாம். இது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. ஆப்பே அதைத் தெளிவாகச் சொல்கிறது.

கருவிக்குப் போகும் முன், அது அளக்கும் விஷயம் ஏன் மாறுகிறது என்று தெரிந்தால்தான் ரீடிங்கைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க முடியும்.

நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள், பெரும்பாலானவர்களுக்கு நான்கு, இடது மேலறையில் வந்து சேர்கின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கிளப்பிவிடும் கள்ளத் துடிப்புகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளுக்குள்ளிருந்து புறப்படுகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்டோ நகரத்தில் மிஷேல் ஹைசகேர் குழு காட்டியது. அதிலிருந்து இந்தச் சிகிச்சையின் அடிப்படை வேலை, சிரை வாய்களைச் சுற்றி வளையமாகத் தழும்பு உண்டாக்கி மின்தொடர்பைத் துண்டிப்பது. சிக்கல் என்னவென்றால், அதே இடத்தில், மேலறைச் சுவரின் வெளிப்புறக் கொழுப்புக்குள், வேகஸ் நரம்பின் முடிச்சுகள் உட்கார்ந்திருக்கின்றன. குறிப்பாக வலது மேல்சிரைக்கு முன்னால் இருக்கும் முடிச்சு, இதயத்தின் இயற்கைப் பேஸ்மேக்கரான சைனஸ் கணுவுக்குப் போகும் பிரேக் கம்பி மாதிரி. சுவரைச் சுடும்போது அந்தப் பிரேக்கும் கொஞ்சம் வெந்துபோகிறது.

பிரேக் இல்லாவிட்டால் இதயம் என்ன வேகத்தில் ஓடும்? வேகத்தைக் கூட்டும் நரம்பு, குறைக்கும் நரம்பு இரண்டையும் மருந்தால் அடக்கிவிட்டு அளந்த பழைய கணக்கு ஒன்று உண்டு: 118.1-இலிருந்து வயதை 0.57-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 60 வயதுக்காரருக்கு அது சுமார் 84. 50 வயதில் சுமார் 90. ஆக, ஓய்வில் 62 இருந்தது வேகஸ் நரம்பின் தயவு. இதயத்தின் சொந்த வேகம் அது இல்லை. தயவு குறைந்ததும் 75, 80 என்று ஏறுவது இதயம் கெட்டுப்போனதால் வருவதில்லை. 10 முதல் 15 வரை கூடுவது சகஜம். சில வாரங்களில் இறங்கத் தொடங்கும், பலருக்குச் சில மாதம் பிடிக்கும், சிலருக்கு ஓராண்டு கழிந்தும் பழைய எண்ணை விடக் கொஞ்சம் மேலேயே நிற்கும். ரேடியோ அலையால் சுடுவதிலும் கிரையோ பலூனால் உறைய வைப்பதிலும் இந்த ஏற்றம் தெளிவாகத் தெரியும். சூடோ குளிரோ இல்லாமல் குறுகிய மின்துடிப்புகளால் செய்யும் பல்ஸ்டு ஃபீல்டு முறை இதயத் தசையையே அதிகம் தாக்கி நரம்பைப் பெரிய அளவில் விட்டுவிடுவதால், அதில் ஏற்றம் குறைவு. டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த முறை என்று எழுதியிருக்கும்; பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு மட்டுமே காரணம் என்றும் இருந்துவிட முடியாது. முதல் சில நாட்களில் வேகம் கூட வேறு காரணங்களும் உண்டு: சுடும்போது வடிகுழாய் முனையைக் குளிரவைக்க உள்ளே போன உப்புநீர் உடலில் தங்குவது, இதய உறையில் லேசான அழற்சி, தொடை மடிப்பில் ரத்தக்கசிவு, தூக்கமின்மை, நீர் குறைவு. மெட்டோப்ரோலால் மாதிரி நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதுவும் தனியாக ஏற்றும். பழைய 62 அந்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது எடுத்ததா என்று முதலில் பாருங்கள். மாத்திரையோடு இருந்த எண்ணையும் மாத்திரை இல்லாத எண்ணையும் ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்கள் ஏராளம்.

வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. வேகஸ் பிடி தளர்ந்ததும் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்குமான இடைவெளி மாறுபாடு, அதாவது எச்ஆர்வி, கூடவே விழும். வாட்சின் 'ஸ்ட்ரெஸ்' அளவுகோல் உச்சியில் போய் நிற்கும், 'ரெக்கவரி' மதிப்பெண் பாதாளத்துக்குப் போகும். அந்த மதிப்பெண்கள் நரம்பு ஒழுங்காக இருப்பவர்களை மனதில் வைத்துச் செய்தவை. சில மாதங்களுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருப்பதே நிம்மதி.

எஸ்விடி (கீழறைக்கு மேலிருந்து கிளம்பும் திடீர் வேகத் துடிப்பு) வகைகளுக்குச் செய்யும் அப்லேஷனில் கதை எளிது. சிலருக்குச் சில வாரம் வேகம் கூடியிருக்கும், "துடிப்பு ஒன்று தவறி, அடுத்தது ஓங்கி அடிக்கிறது" என்கிற உணர்வு பலருக்கு வரும், அதோடு சரி. அவர்களுக்கு இந்தக் கருவி அவசியம் என்று சொல்ல மாட்டோம்.

இனி கருவி. சுமார் 9 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், எடை 24 கிராம். மேலே இரண்டு உலோகத் தகடுகள், அடியில் ஒன்று. உள்ளே சிஆர்2016 காசு பேட்டரி. போனோடு ப்ளூடூத் மூலம் பேசும். பழைய ஒற்றை லீட் கருவி, காதுக்குக் கேட்காத ஒலியாகப் போனின் மைக்குக்கு அனுப்பும். போன் கவர் மைக்கை மூடியிருந்தாலோ கருவி ஓரடிக்கு மேல் தள்ளியிருந்தாலோ ரீடிங் கெடும். 6எல்-இல் அந்தத் தொல்லை இல்லை.

எடுக்கும் முறை: ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் வேண்டாம். வேட்டியையோ பேண்டையோ விலக்கி, இடது முழங்காலின் அல்லது இடது கணுக்காலின் உட்புறத்தில், வெறும் தோலில் அடித்தகடு படும்படி வையுங்கள். கணுக்காலில் வைப்பதானால் இடது காலை மடித்து வலது தொடை மேல் போட வேண்டியிருக்கும். தொடை மடிப்பில் ஊசி போட்ட இடம் ஆறும் வரை முதல் வாரம் முழங்காலே நல்லது. இரண்டு கட்டை விரல்களையும் மேல் தகடுகளில் வைத்து, கையைத் தொடையில் தளர்வாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடிக்கக் கூடாது. அழுத்தினால் முன்கைத் தசை இறுகும், அந்தத் தசையின் மின்சாரம் கோட்டில் புல் முளைத்த மாதிரி நடுக்கமாக விழும், மேலறையின் சின்ன அலை அதில் காணாமல் போகும். 30 விநாடி பேசாமல், மூச்சை அடக்காமல் இருங்கள்.

இதில் எது தவறுகிறது என்று பார்ப்போம். ஏசி அறையில் கை காய்ந்து போயிருந்தால் தகடு பிடிக்காது; விரலையும் முழங்காலையும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், கிரீம் தடவிய கை அதை விட மோசம். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள். போன் சார்ஜரில் செருகியிருந்தால் கரண்ட் இரைச்சல் ஏறலாம், கழற்றிவிடுங்கள். அதே இரைச்சலுக்காக ஆப் அமைப்பில் மின்சார அலைவரிசைக்கு 50, 60 என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் 50. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் வாங்கி, அங்கேயே போனில் ஏற்றிக் கொடுத்ததானால் 60-இல் நிற்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

கருவியைத் தலைகீழாகப் பிடிப்பது இன்னொரு பொதுவான தவறு. பெயர் எழுத்து உங்களுக்கு நேராகப் படிக்கும்படி இருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் இடது கையும் வலது கையும் மாறிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: முதல் வரியான லீட் 1-இல் எல்லா அலையும் குப்புற விழுந்து, ஏவிஆர் என்ற வரியில் நிமிர்ந்து நின்றால் கை மாறியிருக்கிறது. வழக்கமாக ஏவிஆர்தான் குப்புற இருக்கும். இது தெரியாமல் "அலை தலைகீழாக இருக்கிறது" என்று மருத்துவமனைக்கு ஓடுவது நடக்கிறது.

சரியாக எடுத்த ஸ்ட்ரிப் (ஒரு முறை பதிந்த ஈசிஜி கோடு) ஒன்றை லீட் 2 வரியில் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சின்ன மேடு, உடனே ஊசி மாதிரி ஒரு கூர்மை, பிறகு அகலமான ஒரு மேடு. அந்த முதல் சின்ன மேடுதான் பி அலை. மேலறை முழுதாக, ஒரே சீராகச் சுருங்கியதன் கையெழுத்து. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் அது ஒரே வடிவத்தில், ஒரே தூரத்தில் இருந்தால் எண் 65-ஆக இருந்தாலும் 92-ஆக இருந்தாலும் அது சைனஸ் தாளம், அதாவது இதயத்தின் இயல்பான தாளம். அப்லேஷன் செய்தது இதற்காகத்தான். மேடு இல்லாமல், அடிக்கோடு நடுங்கி, ஊசிகள் ஒன்றுக்கொன்று தூரம் மாறி நின்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

எண்ணையும் ஆப்பை நம்பாமல் நீங்களே சரிபார்க்கலாம். 30 விநாடி ஸ்ட்ரிப்பில் ஊசிகளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் சீராக இருந்தால் இரண்டு ஊசிகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று பார்த்து 300-ஐ அதால் வகுத்தாலும் வரும்: நான்கு கட்டம் என்றால் 75, மூன்று என்றால் 100, இரண்டு என்றால் 150.

ஆப் தரும் முத்திரைகளைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. 50-க்கும் 100-க்கும் இடையில் சீராக இருந்தால் 'நார்மல்' வகை முத்திரை. அதற்குக் கீழே பிராடிகார்டியா, மேலே டாக்கிகார்டியா. ஒழுங்கற்று இருந்தால் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம்'. எதிலும் சேராவிட்டால் 'அன்கிளாசிஃபைடு'. சாதாரண மனிதருக்கு இது போதும். அப்லேஷன் முடித்தவருக்குப் போதாது. காரணம் ஃப்ளட்டர்.

இடது மேலறையில் வளையமாகத் தழும்பு போட்டபின், தழும்பில் விட்டுப்போன இடைவெளிகளைச் சுற்றி மின்சாரம் வட்டமடிக்கத் தொடங்குவது உண்டு. அது சீரான தாளம். மேலறை நிமிடத்துக்கு 300 முறை போனால், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்சாரத்தைக் கடத்தும் ஏவி கணு இரண்டில் ஒன்றை மட்டும் கீழே விடும், கீழறை 150. வட்டம் மெதுவானதாக இருந்தால் 120, 130. நான்கில் ஒன்று மட்டும் இறங்கினால் 75. இந்த 75 சீராக இருப்பதால் 'நார்மல்' முத்திரை வாங்கிவிடக்கூடும். ஒழுங்கின்மையைத்தான் இந்த ஆப் முக்கியமாகத் தேடுகிறது. ஒழுங்காக ஓடும் ஃப்ளட்டர் அதன் கண்ணுக்கு நல்ல பிள்ளை.

ஆறு லீட்டின் மதிப்பு இங்கேதான் தெரியும். ஒற்றை லீட் கருவியிலும் வாட்சிலும் வருவது லீட் 1, இரண்டு கைகளுக்கு இடையிலான பார்வை. அதில் மேலறை அலை பலருக்குத் தட்டையாகவே விழும். காலையும் சேர்த்து எடுக்கும் லீட் 2, லீட் 3, ஏவிஎஃப் மூன்றும் கீழிருந்து இதயத்தைப் பார்க்கின்றன. வலது மேலறையில் சுற்றும் வழக்கமான ஃப்ளட்டர், அங்கே ரம்பப் பற்கள் மாதிரி வரிசையாகத் தெரியும். அப்லேஷனுக்குப் பின் இடது மேலறையில் வருவது எல்லா நேரமும் அவ்வளவு அழகாகத் தெரியாது என்றாலும், இதயத்தாளக் கோளாறுகளைப் பார்க்கும் எலக்ட்ரோஃபிசியாலஜி மருத்துவர் பார்த்துச் சொல்ல ஒரு வரியை விட ஆறு வரி எவ்வளவோ மேல்.

உங்களுக்கே சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். தலைசுற்றல் இருந்தாலும் முதல் இரண்டு நாட்களிலும் தனியாகச் செய்ய வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு ரீடிங், எழுந்து இரண்டு நிமிடம் நின்றதும் உடனே உட்கார்ந்து இன்னொன்று, மறுபடி ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் மூன்றாவது. சைனஸ் தாளம் 84, 97, 86 என்று ஆளோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஃப்ளட்டர் 128, 128, 128 என்று கல்லாக நிற்கும். அல்லது 150-இலிருந்து 100-க்கோ 75-க்கோ படி இறங்கின மாதிரி சட்டென்று குதிக்கும். இரவு மூன்று மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் ஒரே எண் என்றால், முத்திரை என்ன சொன்னாலும் ஸ்ட்ரிப்பை மருத்துவருக்கு அனுப்புங்கள். வேகஸ் பிடி வெகுவாகத் தளர்ந்தவர்களுக்குச் சைனஸ் தாளத்திலும் ஏற்ற இறக்கம் சுருங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முற்றிலும் அசையாமல் நிற்பதுதான் சந்தேகத்துக்குரியது.

தாளத்தைச் சீராக வைக்கத் தரும் ஃப்ளெகைனைடு மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அந்த மருந்து மேலறை வட்டத்தை 200 அளவுக்கு மெதுவாக்கும். அதன் விளைவாக ஏவி கணு எல்லாத் துடிப்பையும் அப்படியே கீழே விட்டுவிட வாய்ப்பு உண்டு. கீழறையும் 200-இல் ஓடும், ஊசி அகலமாகும். இதற்காகத்தான் கூடவே பீட்டா பிளாக்கர் தருகிறார்கள். "நாடி ஏற்கெனவே சரியாக இருக்கிறதே" என்று அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

எக்டோபிக் துடிப்புகள், அதாவது முறைக்கு முன்பே வேறிடத்திலிருந்து கிளம்பும் துடிப்புகள், முதல் வாரங்களில் சகஜம். இங்கே வாட்சும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் ஒரு பெரிய தவறு செய்யும். ஒரு நல்ல துடிப்பு, ஒரு எக்டோபிக் என்று மாறி மாறி வரும்போது, முந்திக்கொண்டு வரும் எக்டோபிக்கில் இதயம் நிரம்பாமலேயே சுருங்கும்; மணிக்கட்டு வரை அலை வந்து சேராது. இதயம் 80 அடிக்க, வாட்ச் 40 என்று காட்டி 'குறைந்த இதயத் துடிப்பு' எச்சரிக்கை அடிக்கும். அந்த நேரத்தில் 6எல் எடுத்தால் குட்டும் நெட்டுமாக இணை இணையாக ஊசிகள் தெரியும், குழப்பம் அரை நிமிடத்தில் தீரும். எண் மட்டும் பார்த்துவிட்டு பீட்டா பிளாக்கரை நிறுத்தியவர்களுக்கு இந்த ஒரு ஸ்ட்ரிப் பெரிய உதவியாக இருந்திருக்கும். நடக்கும்போது வாட்ச் செய்யும் இன்னொரு தவறு, கை வீச்சின் தாளத்தைத் துடிப்பு என்று எண்ணுவது. நிமிடத்துக்கு 115 அடி நடந்தால் 115 காட்டும். நின்று பத்து விநாடி கழித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 4 அல்லது அதற்குப் பின் வந்த ஈசிஜி மாடல் வைத்திருப்பவர்கள் உடனே 6எல் வாங்கத் தேவையில்லை. வாட்சைக் கழற்றி அதன் பின்பக்கத்தை இடது அடிவயிற்றுத் தோலில் வைத்து, வலது கை விரலைத் திருகில் வைத்தால் லீட் 2-க்கு நெருக்கமான கோடு கிடைக்கும். நிறுவனம் சொல்லும் முறை இது இல்லை. ஆனால் இதய மருத்துவர்களிடையே தெரிந்த உத்தி. முத்திரையை விட்டுவிட்டு பிடிஎஃப் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாட்சில் எடுத்தது என்பதோடு, எப்படிப் பிடித்து எடுத்தது என்றும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நடைப்பயிற்சி தொடங்கியதும் 6எல் உதவாது. நடந்துகொண்டே எடுக்க முடியாது. அதற்கு மார்புப் பட்டை. ஃபின்லாந்தின் போலார் நிறுவனத்தின் எச்10 அந்த வேலைக்குப் போதுமானது. சிஆர்2025 பேட்டரி, எலக்ட்ரோடை நனைத்துவிட்டுக் கட்ட வேண்டும். நனைக்காமல் கட்டினால் வியர்வை வரும்வரை முதல் சில நிமிடங்கள் 180, 200 என்று பொய் சொல்லும். பாலியஸ்டர் பனியன் உரசினாலும் அப்படித்தான். பயிற்சியை நிறுத்தியதும் முதல் நிமிடத்தில் 12-க்கு மேல் இறங்க வேண்டும் என்ற கணக்கைப் பல பயிற்சி ஆப்கள் சொல்லும். அந்த முதல் நிமிட இறக்கம் வேகஸ் நரம்பின் வேலை. அப்லேஷனுக்குப் பின் சில மாதம் அது சோம்பலாக இருப்பது இயல்பு. அந்த மதிப்பெண்ணையும் ஓரமாக வையுங்கள்.

6எல்-உடன் கட்டாயம் வேண்டிய துணை, மேற்கையில் கட்டும் சாதாரண பிபி மெஷின். சைனஸ் தாளம் 115, பிபி 130/80 என்றால் ஒரு கதை. அதே 115, பிபி 85/60, கூடவே மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் இதய உறைக்குள் ரத்தம் தேங்குவதாக இருக்கலாம். இரண்டுக்கும் கார்டியா ஒரே 'டாக்கிகார்டியா'தான் சொல்லும். இரண்டாவதற்கு ஆம்புலன்ஸ், இன்னொரு ஸ்ட்ரிப் எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஓடும்போது பிபி ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும் என்பதால் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

இந்தக் கருவியின் கண்ணில் படவே படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. மேலறையின் பின்சுவர் உணவுக்குழாயை ஒட்டியிருக்கிறது. சூட்டால் உணவுக்குழாய் புண்பட்டு, அரிதாக, இரண்டுக்கும் இடையே துளை விழலாம். செய்த முதல் வாரத்துக்குப் பின், பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள், சிலருக்கு ஆறு வாரம் கடந்தும் தெரியவரும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, மார்புவலி, ரத்த வாந்தி, கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறல். நாடி வெறும் காய்ச்சலுக்கு ஏறின மாதிரி 100, 105 என்றிருக்கும், ஸ்ட்ரிப்பில் சைனஸ் தாளமே தெரியும். பக்கத்து கிளினிக்கில் பாராசிட்டமால் வாங்கிவிட்டுத் திரும்பாதீர்கள். அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வேறு இடத்துக்குப் போக நேர்ந்தால் அப்லேஷன் செய்த தேதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எண்டோஸ்கோபி வேண்டாம், முதலில் மார்பு சிடி ஸ்கேன் என்பதையும் சொல்லுங்கள். எண்டோஸ்கோபியில் செலுத்தும் காற்று அந்தத் துளை வழியே இதயத்துக்குள் போய் மூளையை அடைத்துவிடும்.

எத்தனை முறை எடுப்பது? இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஒரு நாளைக்கு முப்பது ரீடிங் எடுப்பவர்களின் நாடி, எடுக்கும் பயத்திலேயே பத்து கூடும். எங்கள் பரிந்துரை: முதல் வாரம் காலையும் இரவும். அதன்பின் எட்டு வாரம் வரை காலையில் ஒன்று, எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன், ஒரே நாற்காலியில். அதற்கு மேல் வாரம் மூன்று. படபடப்பு வந்தால் கணக்கு கிடையாது, உடனே எடுங்கள். 30 விநாடியை ஐந்து நிமிடம் வரை நீட்டும் வசதி ஆப் அமைப்பில் உண்டு, விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிக்க அது உதவும்.

எட்டு வாரம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. சுட்ட இடம் வீங்கி ஆறும் காலத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் திரும்ப எட்டிப்பார்ப்பது உண்டு. அதை வைத்துச் சிகிச்சை தோற்றது என்று சொல்வதில்லை. இந்தக் காலத்தை முன்பு மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க, ஆசிய பசிபிக், லத்தீன் அமெரிக்க இதயத்தாள அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை எட்டு வாரமாகக் குறைத்தது. அதன்பின் குறைந்தது 30 விநாடி நீடிக்கும் கோளாறு 'திரும்ப வந்தது' என்று கணக்கில் சேரும். ஒரு முழு கார்டியா ஸ்ட்ரிப்பின் நீளமும் அதுவே. தொடக்கம் முதல் முடிவு வரை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிந்த ஒரு ஸ்ட்ரிப், மருத்துவருக்கு வாய்ச்சொல்லை விடப் பெரிய சான்று. எட்டு வாரத்துக்குள் வந்தாலும் மறைக்காமல் அனுப்புங்கள். நீண்டு ஓடினால் மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பலாமா என்று அவர் முடிவு செய்வார்.

நாற்பது நாள் தொடர்ந்து 'நார்மல்' வந்துவிட்டது என்று ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது, இந்தக் கருவியால் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம். குறைந்தது இரண்டு மூன்று மாதம் அந்த மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அதன்பின் தொடர்வதா என்பது உங்கள் வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைப் பார்த்து முடிவாகும். கார்டியா காட்டும் தாளத்தைப் பார்த்து இல்லை. அரை நிமிட ஸ்ட்ரிப் ஒரு நாளின் மீதி நேரத்தைப் பார்ப்பதில்லை. தூக்கத்தில் வந்து போகும் கோளாறுக்கு நாள் முழுதும் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியோ, பல நாள் ஒட்டி வைக்கும் பேட்ச்சோதான்.

எப்போது போன் செய்வது என்று மருத்துவமனை ஓர் எண் கொடுத்திருந்தால் அதுவே முதல். கொடுக்கவில்லை என்றால் நாங்கள் சொல்வது: ஓய்வில் 110-க்கு மேல் அரை மணி நேரம் நீடித்தால் ஸ்ட்ரிப்போடு தொடர்புகொள்ளுங்கள். 40-க்குக் கீழே ஸ்ட்ரிப்பிலேயே உறுதியானாலும், ஊசிகளுக்கு இடையே மூன்று விநாடிக்கு மேல் வெற்றிடம் தெரிந்தாலும் அன்றே. மயங்கி விழுந்தால் எந்த எண்ணும் பார்க்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

வாங்கும் முன் நிறுவனத்தின் இணக்கப் பட்டியலில் உங்கள் போன் மாடல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆண்ட்ராய்டில் எல்லா மாடலும் சேராது. வெளிவந்தபோது அமெரிக்காவில் 149 டாலர். எக்டோபிக் வகைகளைப் பிரித்துச் சொல்லும் கூடுதல் முத்திரைகளுக்குச் சந்தா கேட்கும். இந்தத் தேவைக்குச் சந்தா வேண்டியதில்லை. அந்த வேலையை மருத்துவர் கண் இன்னும் நன்றாகச் செய்யும். இலவசக் கணக்கில் எடுத்த ஸ்ட்ரிப்பை அப்போதே பிடிஎஃப்பாக எடுத்து, தேதி, நேரம், 'ஓய்வு' அல்லது 'படபடப்பு', அன்று போட்ட மாத்திரை என்று பெயரிட்டுப் போனில் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். செக்கப்புக்குப் போகும்போது சேர்ந்திருக்கும் அறுபது ஸ்ட்ரிப்பையும் காட்ட வேண்டாம். அப்லேஷனுக்கு முன் எடுத்த நல்ல ஸ்ட்ரிப் ஒன்று, வாரத்துக்கு ஓர் ஓய்வு ஸ்ட்ரிப், படபடப்பு வந்தபோது எடுத்தவை எல்லாம். ஸ்கிரீன்ஷாட்டில் கட்டங்கள் மங்கிவிடும், விநாடிக்கு 25 மி.மீ. என்ற அளவுகோலும் தெரியாது; பிடிஎஃப்பையே கொடுங்கள்.